வருமானம் பத்து சதவீதம் ஏறினால் ஏசி விற்பனையும் பத்து சதவீதம்தான் ஏறுமா?

#1 · வரவுசெலவு

ஆசிய நடுத்தர வர்க்கம் பெருகுகிறது, ஆகவே நுகர்வும் பெருகும் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எது பெருகும், எந்த வரிசையில், எவ்வளவு வேகத்தில் என்று யாரும் பிரித்துச் சொல்வதில்லை. பேச்சு எங்கெங்கோ போய்விடாமல் இருக்க ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொள்வோம்: வீட்டு ஏசி. ஒரு வட்டாரத்தில் சராசரி வருமானம் 10 சதவீதம் ஏறினால் ஏசி விற்பனையும் 10 சதவீதம்தான் ஏறுமா? சிறு ஊரில் மின்சாதனக் கடை வைத்திருப்பவருக்கும் வயரிங், சர்வீஸ் வேலை பார்ப்பவர்களுக்கும் இதில் என்ன கணக்கு இருக்கிறது? துறையில் இருப்பவர்கள் எண்ணோடு எழுதுங்கள்.

#2 · புள்ளிக்கணக்கு

முதலில் "நடுத்தர வர்க்கம்" என்ற சொல்லைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். பொருளியலாளர் ஹோமி காரஸ் கணக்கில், 2011 வாங்குதிறன் விலையில் (நாடுகளுக்கிடையே உள்ள விலைவாசி வித்தியாசத்தைச் சரிசெய்த டாலர்) ஆளுக்கு நாளொன்றுக்கு 11 முதல் 110 டாலர் வரை செலவழிக்கும் வீடுகள் எல்லாம் நடுத்தரம். 2018 செப்டம்பரில் உலகில் பாதிப்பேர் நடுத்தரத்தையோ அதற்கு மேலான நிலையையோ எட்டிவிட்டார்கள் என்று சொன்னது இந்தக் கணக்கை வைத்துத்தான். இந்தியாவில் பிரைஸ் ஆய்வு அமைப்பு 2020-21 விலையில் ஆண்டு வருமானம் 5 லட்சம் முதல் 30 லட்சம் வரை உள்ள வீடுகளை நடுத்தரம் என்கிறது. 11 டாலர்காரரும் 110 டாலர்காரரும் ஒரே கடைக்குள் நுழைவதே இல்லை. அதனால் வர்க்கத்தின் பெயரை விட்டுவிட்டு, குறிப்பிட்ட பொருள் எந்த வருமானத்தில் வீட்டுக்குள் வருகிறது என்று பார்ப்பதே பயன்.

இரண்டு வகைப் பொருள்கள் உண்டு. அரிசி, எண்ணெய், சோப்பு போன்றவை வருமானத்தோடு மெல்ல நகரும். எங்கெல் 1857ல் சொன்ன விதி இன்றும் நிற்கிறது: வருமானம் ஏற ஏற, செலவில் உணவின் பங்கு குறையும். இந்தியக் கிராமங்களில் 1999-2000ல் மாதச் செலவில் தானியம் மட்டுமே 22 சதவீதம். 2023-24 வீட்டு நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பில் அது 5 சதவீதம் அளவுக்கு இறங்கிவிட்டது. உணவு மொத்தமாகக் கிராமத்தில் 47, நகரத்தில் 40 சதவீதம் அளவில் இருக்கிறது.

ஏசி இரண்டாவது வகை. அரை ஏசி வாங்க முடியாது. ஒரு வருமானக் கோடு வரும்வரை விற்பனை ஊர்ந்துகொண்டே இருக்கும், கோட்டைத் தாண்டியதும் பாயும், பிறகு வீட்டுக்கு ஒன்று வந்தபின் சாயும். சீன நகரங்களைப் பாருங்கள். 1990ல் 100 வீட்டுக்கு ஒரு ஏசிகூட இல்லை. 2000ல் சுமார் 31. 2010ல் 112. அந்த இருபது ஆண்டுகளில் ஏசி பெருகிய வேகத்தில் வருமானம் பெருகவில்லை. ஆண்டுதோறும் புதிதாக ஒரு கூட்டம் கோட்டைத் தாண்டியதுதான் காரணம். ஜப்பானில் 1960களில் கார், கலர் டிவி, கூலர் மூன்றையும் சேர்த்தே ஒரு கனவாகப் பேசினார்கள். அதற்கு முந்தைய பத்தாண்டின் கனவு கறுப்பு-வெள்ளை டிவி, வாஷிங் மெஷின், ஃபிரிட்ஜ். வரிசை நாட்டுக்கு நாடு கொஞ்சம் மாறும். ஆனால் ஏசி பெரும்பாலும் ஃபிரிட்ஜுக்குப் பிறகுதான்.

இந்தியாவில் இன்னும் பத்தில் ஒரு வீடு அளவுக்குத்தான் ஏசி. ஆனாலும் ஆண்டு விற்பனை ஒரு கோடியைத் தாண்டிவிட்டது. ஆக, கேள்விக்குப் பதில்: இந்தக் கட்டத்தில் 10க்கு 10 இல்லை, பலமடங்கு. சராசரியைப் பார்க்காதீர்கள். கோட்டுக்குச் சற்றுக் கீழே எத்தனை வீடுகள் நெருக்கி நிற்கின்றன என்று பாருங்கள்.

#3 · கடைவீதி

புள்ளிக்கணக்கு சார் சொன்ன கோடு உண்மைதான். ஆனால் கவுன்டரில் நிற்பவருக்குத் தெரியும் கோடு ஆண்டு வருமானம் இல்லை, மாதத் தவணை. 38,000 ரூபாய் மெஷின் 12 தவணையில் மாதம் 3,170 ரூபாய். அதையே 18 மாதமாக நீட்டினால் 2,100 சொச்சம். இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில் புதிதாக ஒரு கூட்டமே வாடிக்கையாளராகிறது. சம்பளம் ஒரு ரூபாய்கூட ஏறாமல் தேவை ஏறும் இடம் இது. "நோ காஸ்ட்" தவணை என்றால் வட்டியே இல்லை என்று அர்த்தமில்லை. வட்டித் தொகையைத் தள்ளுபடியாக முன்னாலேயே கழிக்கிறார்கள். பிராசஸிங் கட்டணம் தனியாக வரும், கிரெடிட் கார்டு என்றால் அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் உண்டு. இதை முதலிலேயே சொல்லாத கடைக்கு அடுத்த மாதம் சண்டை வரும்.

வரி இன்னொரு நல்ல பாடம். 2025 செப்டம்பர் 22 முதல் ஏசிக்கு ஜிஎஸ்டி 28லிருந்து 18 ஆனது. பத்து சதவீதம் குறையும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். 40,000 ரூபாய் பில்லில் அடிப்படை விலை 31,250. அதற்கு 18 சதவீதம் சேர்த்தால் 36,875. குறைந்தது 3,125, அதாவது எட்டு சதவீதத்துக்கும் சற்றுக் கீழே. அதைவிடப் பெரிய விளைவு வேறு. ஆகஸ்ட் 15 சுதந்திர தின உரையில் வரிக்குறைப்பு வரப்போகிறது என்று தெரிந்ததும் ஐந்து வாரம் பெட்டி நகரவே இல்லை. கோட்டுக்குப் பக்கத்தில் நிற்பவர் 3,000 ரூபாய்க்காகக் காத்திருப்பார். கோட்டைத் தாண்டிப் பல வருடம் ஆனவர் காத்திருக்க மாட்டார்.

சரக்கு எடுப்பதில் இரண்டு தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. ஒன்று, போன கோடை விற்பனையை அப்படியே இந்தக் கோடைக்குக் கணக்கிடுவது. 2024 கோடை கொளுத்தியது, பெட்டி பறந்தது. அதை நம்பிக் குவித்தவர்களுக்கு 2025ல் மழை முன்கூட்டியே வந்து சரக்கு தேங்கியது. இரண்டாவது, மின்சிக்கனத்துக்கு ஸ்டார் கொடுக்கும் நட்சத்திர அட்டவணை மாறும் நாளை மறப்பது. 2026 ஜனவரி 1 முதல் அட்டவணை கடுமையானது. பழைய 5 ஸ்டார் புதிய கணக்கில் 4 ஸ்டார். ஜனவரியில் பழைய ஸ்டிக்கர் பெட்டி அடுக்கி வைத்திருந்தால் விலையை இறக்கித்தான் தள்ள வேண்டும். முதல் ஏசி வாங்குபவர் கூடுதலாகக் கேட்பது 1 டன் (எடை இல்லை, குளிரூட்டும் திறன்), 3 ஸ்டார். இரண்டாவது ஏசிக்கு வருபவர்தான் 5 ஸ்டார் எங்கே என்று கேட்கிறார். இரண்டையும் சம எண்ணிக்கையில் எடுத்தால் பணம் முடங்கும்.

#4 · மீட்டர்பெட்டி

கடைக்காரர்கள் பெட்டியை எண்ணுவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஒரு வீட்டின் முதல் ஏசி தனியாக வருவதில்லை, ஒரு கூட்டத்தையே இழுத்துக்கொண்டு வருகிறது. அந்தக் கூட்டத்தையும் எண்ணினால்தான் தேவை எப்படி மாறுகிறது என்பது புரியும்.

இருபது முப்பது வருட வீடுகளில் பிளக் பாயின்ட்டுக்கு 1.5 சதுர மி.மீ. வயர்தான் ஓடும். கெய்சரும் அயர்ன் பாக்ஸும் அதே லைனில். 1.5 டன் இன்வெர்ட்டர் மெஷின் (கம்ப்ரஸர் வேகத்தைத் தேவைக்கேற்ப மாற்றும் ஏசி) நல்ல வோல்டேஜில் முழு ஓட்டத்தில் 7 ஆம்பியர் அளவு இழுக்கும். வெயில் உச்சத்தில், வோல்டேஜ் தாழ்ந்தால் 9, 10 வரை போகும். வயர் உடனே எரியாது. ஆபத்து ஜாயின்ட்டில் இருக்கிறது. சுவிட்ச் பாக்ஸுக்குள் முறுக்கிக் கட்டிய முனை, ஏழு மணி நேரம் விடாமல் ஓடும் கரன்ட்டில் சூடேறித் தளரும், தளர்ந்ததும் இன்னும் சூடேறும். டிவியோ மிக்சியோ அவ்வளவு நேரம் அவ்வளவு கரன்ட் இழுத்ததே கிடையாது, அதனால் அந்த ஜாயின்ட்டின் குறை அதுவரை தெரிந்திருக்காது.

சரியான முறை: மெயின் டிஸ்ட்ரிபியூஷன் பாக்ஸிலிருந்து ஏசிக்கென்றே தனி லைன், நடுவில் ஜாயின்ட் இல்லாமல். 1.5 டன்னுக்கு 4 சதுர மி.மீ. செப்பு, எர்த்துக்கும் செப்பு வயர். 20 ஆம்பியர் சி-கர்வ் எம்சிபி, அதாவது ஸ்டார்ட் ஆகும்போது வரும் கரன்ட் பாய்ச்சலைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும் பிரேக்கர். பி-கர்வ் (சின்னப் பாய்ச்சலுக்கே விழுவது) போட்டால் பழைய ஃபிக்ஸட் ஸ்பீடு மெஷின் ஸ்டார்ட் ஆகும்போதெல்லாம் விழும், விழுகிறதே என்று 32 ஆம்பியர் போட்டுவிடுவார்கள், அதோடு வயருக்குப் பாதுகாப்பே போய்விடும். எம்சிபி காப்பது வயரை, ஏசியை இல்லை. எர்த் குழி காய்ந்திருந்தால் கோடைக்கு முன் தண்ணீர் ஊற்றி, எர்த்துக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் வோல்டேஜ் பார்க்க வேண்டும். 3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் நியூட்ரல் லூஸா, எர்த் சரியில்லையா என்று தேட வேண்டும். மின்வாரியத்தில் அனுமதித்த மின்பளுவையும் உயர்த்தி வாங்க வேண்டும். பெரும்பாலோர் செய்யாமல் விடுவது இதைத்தான்.

#5 · வரவுசெலவு

மீட்டர்பெட்டி அண்ணா, இந்தக் கூட்டத்துக்கு மொத்தம் எவ்வளவு ஆகும், தோராயமாக?

#6 · மீட்டர்பெட்டி

ஊருக்கு ஊர் மாறும். 15 மீட்டர் தனி லைன், எம்சிபி, பாக்ஸ், கூலி சேர்ந்து 4,000 முதல் 6,000. வெளியே வைக்கும் அவுட்டோர் யூனிட்டுக்கு ஸ்டாண்டு ஆயிரம் பக்கம். கம்பெனி தரும் செப்புக்குழாய் பெரும்பாலும் 3 மீட்டர்தான், அதற்கு மேல் மீட்டருக்கு 700 முதல் 1,000. வோல்டேஜ் ஆடும் ஊர் என்றால் 4 கேவிஏ ஸ்டெபிலைசர் 3,000 அளவு. மாட்டும் கூலி 1,500. ஆக 38,000 ரூபாய் மெஷினுக்கு இன்னொரு 10,000 முதல் 13,000. தவணைக் கணக்கில் இது எங்குமே வருவதில்லை. கையில் காசு தீர்ந்துபோன நேரத்தில் வருவதால்தான் வயரை மிச்சம் பிடிக்கிறார்கள்.

#7 · மேடான்_தமிழ்

இந்தோனேசியாவைச் சேர்த்துப் பார்த்தால் மீட்டர்பெட்டி சொல்வது இன்னும் தெளிவாகும். இங்கே மின் இணைப்பே படிப்படியாக வருகிறது: 450, 900, 1300, 2200 வோல்ட்-ஆம்பியர். 900 இணைப்பில் மீட்டருக்கு 4 ஆம்பியர் பிரேக்கர், 1300க்கு 6, 2200க்கு 10. தாண்டினால் விழும், அவ்வளவுதான். அதனால் இந்தியாவில் 1.5 டன் ஓடுவது போல இங்கே ஓடுவது அரை பிகே (குதிரைத்திறனுக்கு இங்குள்ள பெயர்) மெஷின், குளிரூட்டும் திறன் சுமார் 5,000 பிடியு. 12,000 பிடியு ஒரு டன் என்பதால் அரை டன்னுக்கும் குறைவு. அதிலும் "லோ வாட்" என்று தனி ரகம், 300 சொச்சம் வாட்டில் ஓடுவது. 900 இணைப்புள்ள வீட்டில் ஏசி, ரைஸ் குக்கர், தண்ணீர் மோட்டார் மூன்றும் ஒரே நேரத்தில் ஓடாது. ஏசி ஓடும்போது மோட்டாரை நிறுத்தி வைப்பார்கள். எந்த மெஷின் விற்கும் என்பதை வருமானத்தோடு பிரேக்கரும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது. இணைப்பை 2200க்கு உயர்த்திய வீடுதான் அடுத்து 1 பிகே, வாட்டர் ஹீட்டர், ஓவன் என்று போகும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஏறினால் ஏறிக்கொண்டே இருக்கும் என்ற தொனி இந்த இழையில் இருக்கிறது. இந்தோனேசியப் புள்ளியியல் துறைக் கணக்கில் 2019ல் 5.73 கோடியாக இருந்த நடுத்தர வர்க்கம் 2024ல் 4.79 கோடியாகச் சுருங்கியது. கார் விற்பனை 2023ல் பத்து லட்சத்தைச் சற்றே தாண்டி, 2024ல் 8.66 லட்சத்துக்கு இறங்கியது. "மாந்தாப்" என்று ஒரு சொல் இங்கே பேச்சில் உண்டு, "மாக்கான் தாபுங்கான்" என்பதன் சுருக்கம், சேமிப்பைத் தின்பது என்று பொருள். அப்படி இறங்கும் வீடு ஏசியை விற்றுவிடாது. ஓட்டும் நேரத்தைக் குறைக்கும், சர்வீஸைத் தள்ளிப்போடும், பழுதானால் மாற்றாது. கடைக்காரர்கள் இதைப் பார்ப்பதில்லை, சர்வீஸ்காரர்கள்தான் முதலில் பார்ப்பார்கள்.

#8 · புள்ளிக்கணக்கு

ஒப்புக்கொள்கிறேன். நான் காட்டிய வளைவு சீனாவின் வளைவு. அங்கே இரண்டு விஷயங்கள் கூடி வந்தன: இருபது ஆண்டு விடாத வளர்ச்சி, அரசின் கை. 2007ல் தொடங்கிய "கிராமத்துக்கு வீட்டுச் சாதனங்கள்" திட்டத்தில் விலையில் 13 சதவீதத்தை அரசே திருப்பித் தந்தது. தமிழ்நாட்டிலும் அரசு வரிசையை மாற்றியிருக்கிறது. 2006க்குப் பின் இலவசக் கலர் டிவி, 2011 முதல் மிக்சி, கிரைண்டர், மின்விசிறி. மற்ற மாநிலங்களில் ஒரு வீடு மூன்று நான்கு வருடச் சேமிப்பில் வாங்கும் சாமான் இங்கே ரேஷன் கார்டுக்கு வந்தது. அந்த வீட்டின் அடுத்த சேமிப்பு நேராக ஃபிரிட்ஜுக்கும் வாஷிங் மெஷினுக்கும் போனது. தமிழ்நாட்டுச் சிறு ஊர்களின் தேவையைக் கணக்கிடும்போது வட இந்திய வரிசையை அப்படியே போட்டால் தப்பாகும்.

#9 · செப்புக்குழாய்

சர்வீஸ் பக்கத்திலிருந்து. ஏசி ஆடம்பரமாக இருந்த காலத்தில் ஊருக்கு நாலு மெக்கானிக் போதும். இப்போது ஏப்ரல், மே இரண்டு மாதத்தில் வருட வேலையில் பாதி வந்து விழுகிறது. ஆள் போதாமல் அவசரமாக மாட்டுவதில்தான் பெரும்பாலான பழுது பிறக்கிறது. 2019ல் வந்த இந்தியக் குளிரூட்டல் செயல்திட்டத்திலேயே ஒரு லட்சம் டெக்னீஷியன்களுக்குப் பயிற்சி என்று இலக்கு வைத்தார்கள்.

அவசரத்தில் முதலில் விடுபடுவது வாக்குவம், அதாவது குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் வெளியே இழுப்பது. இன்டோரையும் குழாயையும் இணைத்தபின் பம்ப் வைத்து 15, 20 நிமிடம் இழுத்து, உள்ளழுத்தம் 500 மைக்ரானுக்குக் கீழே வந்து, பம்பை நிறுத்தியபின்னும் ஏறாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். நிறையப் பேர் அவுட்டோரில் இருக்கும் காஸையே கொஞ்சம் திறந்துவிட்டுக் காற்றைத் தள்ளிவிடுகிறார்கள். காற்று முழுதாகப் போகாது, ஈரமும் உள்ளே தங்கும். ஈரம் எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகும், இரண்டு மூன்று வருடத்தில் கம்ப்ரஸர் வைண்டிங் போகும். அதற்குள் வாரன்டி அட்டை எங்கே என்றே தெரியாது.

அடுத்து ஃப்ளேர், குழாய் முனையை விரித்து நட்டில் பொருத்தும் இணைப்பு. முனையை விரிக்கும்முன் பிசிறைச் சுரண்டாமல், டார்க் ஸ்பானர் (இறுக்கும் விசையை அளந்து காட்டுவது) இல்லாமல் கைக்கணக்கில் இறுக்குவது. குறைந்தால் கசியும், கூடினால் விரித்த இடம் மெலிந்து வெடிக்கும். கசிந்தபின் "காஸ் டாப்-அப்" என்று வருடாவருடம் காசு வாங்குவது தவறு. ஏசியில் காஸ் தீர்ந்துபோகும் பொருள் இல்லை. குறைந்தால் ஓட்டை இருக்கிறது. நைட்ரஜன் அழுத்தம் கொடுத்து, சோப்பு நுரை வைத்து ஓட்டையைக் கண்டுபிடித்து அடைத்து, வாக்குவம் போட்டு, தராசில் எடை பார்த்து காஸ் ஏற்ற வேண்டும். எத்தனை கிராம் என்று அவுட்டோர் ஸ்டிக்கரிலேயே இருக்கும். இப்போது வரும் மெஷின்களில் காஸ் பெரும்பாலும் ஆர்-32. ஓட்டத்தில் சக்ஷன் (கம்ப்ரஸர் காஸை இழுக்கும்) பக்கம் 130 முதல் 150 பிஎஸ்ஐ காட்டும். பழைய ஆர்-22 காஸுக்குப் பழகிய கை 65, 70 வந்ததும் போதும் என்று நிறுத்தும், மெஷின் பாதிக் காஸில் ஓடும். ஆர்-32 லேசாகத் தீப்பிடிக்கும் வகையும்கூட. உள்ளே காஸை வைத்துக்கொண்டு பிரேஸிங் (நெருப்பு வைத்துக் குழாயைப் பற்றவைப்பது) செய்யவே கூடாது.

இடத்தைப் பார்த்தும் பொருள் மாறும். கடற்கரையை ஒட்டிய தெருவில் அவுட்டோரின் காயிலில் (குழாய்ச்சுருளில்) உப்பு படிந்து அலுமினியத் துடுப்பு மாவாக உதிரும். பூச்சு உள்ள காயில், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நல்ல தண்ணீர் கழுவல், இரண்டும் வேண்டும். கழிவுநீர் ஓடும் கால்வாய்ப் பக்கம் அதற்கு நேர் எதிர்ப் பிரச்சினை: ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு செப்பையே அரித்து இன்டோர் காயில் ஊசித்துளை போடும். "செப்புக் காயில்தான் உசத்தி" என்று எல்லோருக்கும் ஒரே வாக்கியம் சொல்லி விற்பது தவறு.

#10 · இரவுச்சுமை

மின்கட்டத்தின் பக்கம் யாரும் இன்னும் வரவில்லை. மின்விசிறியோடு தூங்கும் தெருவும் ஏசியோடு தூங்கும் தெருவும் மின்வாரியத்துக்கு வேறு வேறு ஊர்கள்.

100 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மரில் நூறு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் ஒரே நேரத்தில் ஓடாது என்பதால் வீட்டுக்கு அரை கிலோவாட் சொச்சம் என்று கணக்கிட்டால் 55, 60 கிலோவாட். அதில் முப்பது வீட்டில் ஏசி வந்துவிட்டது, இரவு பத்தரைக்கு எல்லாம் ஆன், தொடக்கத்தில் ஒவ்வொன்றும் 1.2 கிலோவாட். புதிதாக 36 கிலோவாட். டிரான்ஸ்ஃபார்மர் விளிம்புக்கு வந்துவிட்டது. பகல் வெயிலில் சூடேறிய எண்ணெய் இன்னும் ஆறியிருக்காது. டிரான்ஸ்ஃபார்மரின் எச்.ஜி. ஃபியூஸ் போவது பெரும்பாலும் இந்த நேரத்தில்தான். போகாவிட்டாலும் லைன் கடைசியில் உள்ள வீட்டில் 180 வோல்ட்டுக்குக் கீழே இறங்கும். ஃபிக்ஸட் ஸ்பீடு மெஷினின் கம்ப்ரஸர் அந்த வோல்டேஜில் கிளம்ப முடியாமல் முனகி நிற்கும், ஓவர்லோடு விழும், மூன்று நிமிடம் கழித்து மறுபடி முனகும். இன்வெர்ட்டர் கிளம்பிவிடும். ஆனால் அதே குளிருக்குக் கூடுதல் கரன்ட் இழுத்து லைனை இன்னும் தாழ்த்தும்.

2024 மே 30ல் இந்தியாவின் மின்தேவை 250 ஜிகாவாட்டைத் தொட்டது. அது பகல், சூரியசக்தி கைகொடுத்தது. கஷ்டம் இரவு. கூரை சோலாருக்கு 2024ல் வந்த பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு, வீட்டு பில்லுக்கு நல்லது. ஆனால் படுக்கையறை ஏசி ஓடும் நேரத்தில் அந்தப் பலகை ஒரு யூனிட்கூடத் தராது.

பில் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் இரு மாதக் கணக்கு. 380 யூனிட் ஓடும் வீட்டில் 1.5 டன் மெஷின் இரவு 8 மணி நேரம் ஓடினால் நாளுக்கு 5, 6 யூனிட். இரு மாதத்தில் 330 என்று வையுங்கள். மொத்தம் 710. அந்த 330 யூனிட்டுக்கு முதல் படியின் விலை இல்லை. 2024 ஜூலைக் கட்டணப்படி 201 முதல் 400 வரை யூனிட் 5 ரூபாய்க்குள், 600ஐத் தாண்டினால் 9 ரூபாய்க்கு மேல். 500ஐத் தாண்டியதும் 101 முதல் 200 வரை இருந்த சலுகையும் போய்விடும். எல்லாம் சேர்ந்து பில் சுமார் 2,800 ரூபாய் கூடும். வாங்கும்போது "யூனிட் அஞ்சு ரூபாய்" என்று 1,650 கணக்கிட்டிருப்பார்கள்.

#11 · மளிகைக்கட்டு

ஏசியையே பேசிக்கொண்டிருந்தால் நடுத்தர வர்க்கத்தின் பாதிதான் தெரியும். நீங்கள் சொன்ன மெல்ல நகரும் வகைக்குள்ளும் பெரிய மாற்றம் நடக்கிறது, எடையில் தெரியாமல் ரகத்தில் தெரிகிறது. கடலூரில் பிறந்த ஷாம்பூ சாஷே வியாபாரம் இன்றும் 1, 2, 5, 10 ரூபாய்ப் புள்ளிகளில்தான் நிற்கிறது. மூலப்பொருள் ஏறினால் விலையை ஏற்ற மாட்டார்கள், கிராமைக் குறைப்பார்கள். சம்பளம் ஏறிய வீடு உடனே பாட்டிலுக்குப் போவதில்லை. சாஷேயிலேயே உயர்ந்த ரகத்துக்குப் போகும், பிறகுதான் பாட்டில். வாஷிங் மெஷின் வந்தால்தான் சோப்புக்கட்டி குறைந்து லிக்விட் வரும். அங்கேயும் மீட்டர்பெட்டி சொன்ன கூட்டம் உண்டு: தண்ணீர்த் தொட்டி 10 மீட்டர் உயரத்தில் இருந்தால்தான் ஒரு பார் அழுத்தம். மேல்மாடி வீட்டில் தொட்டி தலைக்கு மேலே 2 மீட்டரில் இருந்தால் 0.2 பார், ஃப்ரன்ட் லோடு மெஷின் தண்ணீர் வரவில்லை என்று பிழை காட்டி நிற்கும். பிரஷர் பம்ப் வாங்க வேண்டும்.

சீனாவில் இறைச்சி கூடியது என்றால் அது பிரேசிலின் சோயா வயல்வரை போகிறது. ஆண்டுக்கு 10 கோடி டன் அளவில் சோயா இறக்குமதி, பெரும்பகுதி எண்ணெய் எடுத்தபின் பன்றி, கோழித் தீவனமாகிறது. ஏசி ஒரு தெருவின் டிரான்ஸ்ஃபார்மரை மாற்றுகிறது என்றால் பன்றிக்கறி இன்னொரு கண்டத்தின் நிலத்தை மாற்றுகிறது.

#12 · கடைவீதி

மளிகைக்கட்டு அண்ணா சொல்வது சரி, அதற்குத் தனி இழை போடலாம், அவ்வளவு விஷயம் இருக்கிறது.

இரவுச்சுமை சார் பில் கணக்கைப் பார்த்தபின் மேலே நான் எழுதியதில் ஒன்றைத் திருத்துகிறேன். முதல் ஏசிக்காரருக்கு 3 ஸ்டார் போதும் என்பது கடையின் பழக்கம், வாங்குபவரின் நலன் இல்லை. ஸ்டிக்கரில் இருக்கும் ஆண்டு யூனிட் 1,600 மணி நேர ஓட்டத்துக்கு. 1.5 டன்னில் 3 ஸ்டாருக்கும் 5 ஸ்டாருக்கும் 200 யூனிட்டுக்கு மேல் வித்தியாசம் வரும். அந்த 200 யூனிட்டும் மேல்படியில் கழிவதால் யூனிட்டுக்கு 8, 9 ரூபாய் என்று வைக்க வேண்டும். ஆண்டுக்கு 1,700 ரூபாய். விலை வித்தியாசம் 7,000 என்றால் நாலு வருடத்தில் வந்துவிடும். ஆனால் கோடையில் இரண்டு மாதம் மட்டும், இரவு மட்டும் ஓட்டும் வீடு 500 மணி நேரத்தைக்கூடத் தொடாது, அங்கே பத்து வருடம் ஆனாலும் திரும்பாது. ஆகவே எத்தனை மாதம், எத்தனை மணி நேரம் என்று கேட்டுவிட்டுத்தான் ஸ்டாரைச் சொல்ல வேண்டும்.

#13 · வரவுசெலவு

எல்லோருக்கும் நன்றி. ஒரே ஒரு கேள்வி பாக்கி. கோட்டுக்குக் கீழே நிற்பவர் 10,000, 12,000 ரூபாய்க்குப் பழைய ஏசி வாங்குகிறாரே, அது கணக்கில் எங்கே வரும்?

#14 · செப்புக்குழாய்

அது கணக்கில் வராத பெரிய சந்தை. மேலே இருப்பவர் மாற்றும் மெஷின் கீழே இருப்பவருக்கு முதல் ஏசி ஆகிறது. வாங்குபவர் மூன்றைப் பார்க்க வேண்டும். ஆர்-22 மெஷின் என்றால் வேண்டாம். அந்தக் காஸை வைத்துப் புது மெஷின் செய்வது 2024 முடிவோடு இந்தியாவில் நின்றுவிட்டது, காஸும் 2030க்குள் படிப்படியாகக் குறைகிறது, ஒருமுறை கசிந்தாலே மெஷின் விலையில் நல்ல பங்கு போய்விடும். அடுத்து, ஓடவிட்டு கிளாம்ப் மீட்டர் வைத்து 20 நிமிடம் கழித்து ஆம்பியர் பாருங்கள். நேம்பிளேட்டில் இருப்பதைவிட அதிகம் என்றால் கம்ப்ரஸர் தேய்ந்திருக்கிறது அல்லது காயில் அடைத்திருக்கிறது. மிகவும் குறைவு என்றால் காஸ் இல்லை. இன்வெர்ட்டர் என்றால் பிசிபி போர்டில் சால்டர் செய்த தடம், பல்லி கருகிய தடம் இருக்கிறதா என்று மூடியைக் கழற்றிப் பாருங்கள். போர்டு விலை 6,000, 8,000 ஆகும்.

மின்சாரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பத்து வருட ஃபிக்ஸட் ஸ்பீடு 1.5 டன் மெஷின் சராசரியாக மணிக்கு 1.1 யூனிட், புது இன்வெர்ட்டர் 0.7க்குள். இரவு 8 மணி நேரம், 120 நாள் என்றால் 380 யூனிட்டுக்கு மேல் வித்தியாசம், மேல்படி விலையில் 3,000 ரூபாய்க்கு மேல். மூன்று நான்கு கோடை ஓட்டினால் புது 1 டன் மெஷினோடு விலை வித்தியாசம் பாதி கரைந்துவிடும். அதைவிட, 120 சதுர அடி அறை, மொட்டை மாடிக்கு நேர் கீழே என்றால் முதலில் மாடியில் வெள்ளைக் கூலிங் டைல் ஒட்டச் சொல்லுங்கள் அல்லது வெள்ளைப் பூச்சு அடிக்கச் சொல்லுங்கள். 1.5 டன் தேவைப்பட்ட அறைக்கு 1 டன் போதும் என்று ஆகலாம். ஏசியை 26 டிகிரியில் வைத்து, 30 வாட் பிஎல்டிசி ஃபேனையும் (மின்சாரம் குறைவாக இழுக்கும் ரகம்) கூடவே ஓட்டினால் கம்ப்ரஸர் பாதி இரவுக்கு மேல் மெதுவான வேகத்திலேயே ஓடும்.